இன்னும் பாடுகிறதே, பிறகு எப்படிப் பாதியானது? வுட் த்ரஷ் பறவையை வைத்து ‘எண்ணிக்கைப் போக்கு’ என்றால் என்னவென்று பார்ப்போம்

ஜூன் மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சூரியன் உதிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கிராமத்துச் சாலையோரம் ஒரு கார் வந்து நிற்கிறது. ஒருவர் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கையில் அட்டையும் பென்சிலுமாக மூன்று நிமிடம் அசையாமல் நிற்கிறார். காதில் விழும் பறவை, கண்ணில் படும் பறவை எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். மூன்று நிமிடம் முடிந்ததும் காரில் ஏறி 800 மீட்டர் தள்ளிப் போய் மறுபடி இறங்கி நிற்கிறார். மறுபடி மூன்று நிமிடம். இப்படி மொத்தம் 50 இடங்கள், ஏறத்தாழ 39 கிலோமீட்டர், முடிக்க ஐந்து மணி நேரம் போல ஆகிவிடும். அடுத்த வருஷம் ஜூனில் அதே சாலை, அதே 50 இடங்கள், அதே மூன்று நிமிடம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1966 முதல் இதைச் செய்துவருகிறார்கள். வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைகள் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர். அரசு அமைப்புகள் நடத்துகின்றன, ஆனால் சாலையோரம் நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பறவையைக் குரலை வைத்தே அடையாளம் சொல்லக்கூடியவர்கள். இன்றைக்கு இப்படி 4,000க்கும் மேற்பட்ட தடங்கள் இருக்கின்றன. ‘காட்டுப் பறவை ஒன்றின் எண்ணிக்கை அரை நூற்றாண்டில் பாதியாகிவிட்டது’ என்று எங்காவது படித்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போங்கள், பெரும்பாலும் இந்த மூன்று நிமிடங்களில்தான் போய் நிற்பீர்கள்.

இந்தப் ‘போக்கு’ என்ற சொல்லைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். அதற்கு ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன், வுட் த்ரஷ். நம்மூர்க் காடுகளில் திரியும் செந்தலைப் பூங்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனாவைவிடச் சற்றுச் சின்னது, எடை 50 கிராம் அளவுதான். மேலே செம்பழுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், வெள்ளை வயிற்றில் யாரோ மை தொட்டு ஒவ்வொன்றாக வைத்ததுபோல் கருமையான வட்டப் புள்ளிகள். கிழக்கு வட அமெரிக்காவின் இலையுதிர் காடுகளில் கோடையில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள வெப்பமண்டலக் காடுகளுக்கு வலசை போய்விடும்.

ஆளைப் பார்ப்பதைவிடக் குரலைக் கேட்பதுதான் சுலபம். நான் முதன்முதலில் கேட்டது ஒரு மே மாத மாலை, மழை விட்டு மரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்த நேரம். காட்டுக்குள் எங்கோ ‘ஈ... ஓ... லே’ என்று மூன்று சுரம், அதன் வாலில் மணி குலுங்குவதுபோல ஒரு நடுக்கம். இரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது தப்பில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதனுக்குக் குரல்வளை தொண்டையில் இருக்கிறது. பறவைக்கோ மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒலி எழுப்பும். ஒரே பறவை, ஒரே மூச்சில், இரண்டு சுரம். அன்று இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 1966 முதல் 2019 வரையான கணக்கெடுப்பின்படி வுட் த்ரஷ் வருஷத்துக்குச் சுமார் 1.3 சதவீதம் குறைந்திருக்கிறது. கேட்டால் என்ன தோன்றுகிறது? ஒன்றே கால் சதவீதம்தானே, இதற்கா இத்தனை பேச்சு? வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, கடன் வாங்கியவருக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். இங்கே அதே கணக்குத் தலைகீழாக ஓடுகிறது. 1,000 பறவை இருந்தால் அடுத்த வருஷம் 987. அதற்கு அடுத்த வருஷம் அந்த 987இல் 1.3 சதவீதம் போகும். பத்து வருஷத்தில் 877. இருபது வருஷத்தில் 770. 53 வருஷத்தில் 500. கால்குலேட்டரில் 0.987ஐ 53 முறை பெருக்கிப் பாருங்கள், பாதி வரும்.

இதையே ஒரு ஆளின் காதை வைத்து யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் எட்டு வுட் த்ரஷ் பாடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் குறைவது எவ்வளவு? ஒரு பறவையில் பத்தில் ஒரு பங்கு. அதை எந்தக் காது கண்டுபிடிக்கும்? பத்து வருஷம் கழித்து எட்டு ஏழாகிறது. அதுகூட, ஒரு வருஷம் ஒன்பது வரும், ஒரு வருஷம் ஆறு வரும், மழை பெய்தால் குறையும், நீங்கள் தாமதமாக எழுந்தாலும் குறையும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் அந்த ஒற்றைப் பறவை தொலைந்துபோவது யாருக்கும் தெரியாது. 1966இல் எட்டைக் கேட்டு வளர்ந்தவரின் பேத்தி இன்று நான்கைக் கேட்கிறாள், அவளுக்கு அந்த நான்குதான் ‘எப்போதும் இருப்பது’. 1995இல் டேனியல் பாலி என்ற மீன்வள ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார், நகரும் அடிக்கோடு என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு தலைமுறையும் தான் கண் திறந்தபோது இருந்ததையே முழுசு என்று எடுத்துக்கொள்கிறது.

ஆகவே நினைவை வைத்து இதைச் சொல்ல முடியாது, எழுதி வைத்திருக்க வேண்டும். ‘எங்கள் ஊரில் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பாதி போன பிறகும் பாட்டு கேட்கத்தான் செய்யும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு இடம் இருக்கிறது. காட்டில் இருக்கும் எல்லாப் பறவையையும் யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. அப்படியிருக்க, பாதி போய்விட்டது என்று எப்படிச் சொல்கிறார்கள்? கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் எத்தனை லிட்டர் தண்ணீர் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போன கோடையில் எட்டாவது படியைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் இந்தக் கோடையில் பதினோராவது படிக்கு இறங்கிவிட்டால், தண்ணீர் குறைந்துவிட்டது என்று சொல்ல லிட்டர் கணக்கு வேண்டாம். சாலையோரத்தில் குறித்த எண் அந்தப் படிக்கட்டு மாதிரி. அது மொத்தத் தொகை அல்ல, ஒரு அளவுகோல், குறியீடு என்பார்கள். மொத்தத் தொகைக்கு வேறு வழியில் மதிப்பீடு போடுகிறார்கள், வுட் த்ரஷ் உலகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் இருக்கும் என்கிறார்கள். ‘ஒரு கோடிக்கு மேல் இருக்கிறதே, பிறகென்ன கவலை’ என்று கேட்பவர்களும் உண்டு. எத்தனை இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. போக்கு பதில் சொல்வது இரண்டாவது கேள்விக்கு.

படிக்கட்டு நம்பகமாக இருக்க வேண்டுமென்றால் படி நகரக் கூடாது. அதனால்தான் அத்தனை கட்டுப்பாடு. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்க வேண்டும், ஏனென்றால் நேரம் போகப் போகப் பாட்டு குறையும். மழையிலும் பலத்த காற்றிலும் எண்ணக் கூடாது. குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. மூன்று நிமிடம் முடிந்து ஒரு நொடி கழித்து அபூர்வமான பறவை ஒன்று தலைக்கு மேல் பறந்தாலும் எழுதக் கூடாது (இது எவ்வளவு கஷ்டம் என்று பறவை பார்ப்பவர்களுக்குத் தெரியும்). தடம் தொடங்கும் இடத்தையும் திசையையும்கூட நமக்குப் பிடித்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் வெந்த சோறாகப் பார்த்து எடுத்தால் அது பதம் ஆகாது.

இவ்வளவு செய்தும் குறைகள் இருக்கின்றன, அதைச் சொல்லாமல் போவது சரியில்லை. எல்லாத் தடமும் சாலையில்தான் போகிறது, காட்டின் நடுவில் நடப்பதை அது நேரடியாகக் கேட்பதில்லை. எண்ணுகிற ஆள் மாறினால் எண் மாறும். முதல் வருஷம் எண்ணுபவர் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே குறிக்கிறார், அனுபவம் வந்ததும் கூடுதலாகக் கேட்கிறார், அதைப் பறவை பெருகிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். வயதானால் மெல்லிய கீச்சுக் குரல்கள் காதில் விழாது. நல்ல வேளையாக வுட் த்ரஷ் குரல் அவ்வளவு கீச்சு இல்லை. இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, யார் எண்ணினார், அது அவருக்கு முதல் வருஷமா, எந்தத் தடம் என்று பிரித்து, புள்ளியியல் முறையில் போக்கைக் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் வெளியிடும்போது ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள் இருக்கலாம் என்று ஒரு வரம்பும் தருகிறார்கள். அந்த வரம்புக்குள் பூஜ்யம் அகப்பட்டுக்கொண்டால், குறைகிறது என்றும் சொல்ல முடியாது, கூடுகிறது என்றும் சொல்ல முடியாது. வுட் த்ரஷ் ஏராளமான தடங்களில் கேட்கிற பறவை, அதனால் அதன் வரம்பு குறுகலானது, பூஜ்யத்தை விட்டு நன்றாகக் கீழே இருக்கிறது. அடுத்தமுறை ஏதாவது பறவை இத்தனை சதவீதம் குறைந்தது என்று படித்தால் முதலில் அந்த வரம்பைத் தேடுங்கள்.

இரண்டாவதாக, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று பாருங்கள். ‘நீண்டகாலப் போக்கு’ என்று ஆய்வாளர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவின் ஊசியிலைக் காடுகளில் ஸ்ப்ரூஸ் பட்வர்ம் என்ற புழு ஒன்று உண்டு. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கோடி கோடியாகப் பெருகிக் காட்டையே மொட்டையடிக்கும், பிறகு அடங்கிவிடும். அந்தப் புழுவைத் தின்று வாழும் கேப் மே வார்ப்லர், பே-பிரெஸ்டட் வார்ப்லர் போன்ற சிறு பறவைகள் புழு பெருகும்போது பெருகி, புழு அடங்கும்போது சரியும். 1970களில் கிழக்குக் கனடாவில் பெரிய அளவில் புழு பரவியது. அந்த உச்சத்தில் எண்ணத் தொடங்கி அடுத்த இருபது வருஷத்தை மட்டும் பார்த்தால் பறவையே அழியப்போகிறது என்று தோன்றும், புழு அடங்கியிருந்த காலத்தில் தொடங்கி உச்சத்தில் நிறுத்தினால் கொண்டாட்டம்தான். இரண்டுமே முழு உண்மை இல்லை. ஒரு முழுச் சுற்றையாவது பார்க்கும் அளவுக்கு வருஷங்கள் வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கி வைத்த சாண்ட்லர் ராபின்ஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மேரிலாந்தில் உள்ள பட்டக்சென்ட் வனவிலங்கு ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். பூச்சிக்கொல்லியான டிடிடியை ஊர் ஊராகத் தெளித்துக்கொண்டிருந்த காலம் அது, அமெரிக்கன் ராபின் பறவைகள் புல்வெளிகளில் செத்துக் கிடந்தன. நாடு முழுக்க இந்தப் பறவையின் கதி என்ன என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் எண் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் இந்த முறையை உருவாக்கி, 1965இல் மேரிலாந்திலும் டெலவேரிலும் சோதித்துப் பார்த்து, 1966இல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே விரித்தார். 1989இல் அவரும் மூன்று சக ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தத் தரவை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வெப்பமண்டலத்துக்கு வலசை போகும் கிழக்குக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை 1978 வரை நிலையாகவோ கூடியோ இருந்துவிட்டு, 1978க்கும் 1987க்கும் இடையே சரிந்திருப்பதை அது காட்டியது. வுட் த்ரஷ்ஷும் அதில் ஒன்று. இருபது வருஷம் பொறுமையாக எண்ணியிருக்காவிட்டால் இந்தத் திருப்பம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. (அதே ராபின்ஸ்தான் 1956இல் பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்றின் காலில் அடையாள வளையம் மாட்டினார். விஸ்டம் என்ற அந்தப் பறவை, அவர் 2017இல் காலமான பிறகும், 2024இல் முட்டையிட்டது.)

சரி, ஏன் குறைகிறது? போக்கு தன்னால் காரணம் சொல்லாது, காய்ச்சல்மானி காய்ச்சல் எவ்வளவு என்று மட்டும் சொல்வதுபோல. காரணத்துக்குக் கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும்.

வுட் த்ரஷ் கூடு சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். காய்ந்த புல்லும் இலையும், நடுவில் சேறு, உள்ளே மெல்லிய வேர்களால் மெத்தை. தரையிலிருந்து ஒரு ஆள் கையை நீட்டினால் எட்டும் உயரத்தில்கூட இருக்கும். அதில் மூன்று நான்கு முட்டைகள், புள்ளியே இல்லாத தெளிந்த நீலப்பச்சை. பன்னிரண்டு பதின்மூன்று நாள் அடைகாத்தால் குஞ்சு, அப்புறம் ஏறத்தாழ அதே அளவு நாளில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும். ஆக ஒரு கூடு நான்கு வாரம் போலப் பிழைத்திருக்க வேண்டும்.

பெரிய காட்டின் நடுவில் அது நடக்கும். காட்டைச் சாலையும் வீட்டு மனையும் வயலும் துண்டு போட்டுவிட்டால், எந்தக் கூடும் ஓரத்திலிருந்து தூரமில்லை. ஓரத்தில்தான் முட்டையையும் குஞ்சையும் தின்னும் ரக்கூன் என்ற விலங்கு, ப்ளூ ஜே பறவை, பூனை எல்லாம் நடமாடுகின்றன. 1980களில் டேவிட் வில்கோவ் என்ற ஆய்வாளர் இதை எளிமையாகச் சோதித்தார். கூடு மாதிரியான சின்னப் பிரம்புக் கூடைகளில் காடை முட்டைகளை வைத்து, மேரிலாந்தின் சிறிய தோப்புகளிலும் டென்னிசியின் ஸ்மோக்கி மலையின் பெருங்காட்டிலும் வைத்துவிட்டு வந்தார். ஸ்மோக்கி மலையில் நூற்றுக்கு இரண்டு கூடு போலத்தான் சூறையாடப்பட்டது. புறநகர் வீடுகளுக்கு நடுவே இருந்த சின்னத் தோப்புகளில் பெரும்பாலான கூடுகள் காலியாயின.

அப்புறம் கௌபேர்ட். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதை நமக்குத் தெரியும். வட அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது பழுப்புத்தலைக் கௌபேர்ட். அது புல்வெளியிலும் வயலிலும் மேய்கிற பறவை, காடு துண்டானால் அதற்கு உள்ளே வர வழி திறக்கிறது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், காடு மிகவும் துண்டாகிப்போன இடங்களில், வுட் த்ரஷ் கூடுகளில் பெரும்பாலானவற்றில் கௌபேர்ட் முட்டை இருந்ததை 1995இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. தாய் இரை தேடிக் கொண்டுவருகிறது, வாயைப் பெரிதாகத் திறப்பது வேறு யாருடைய பிள்ளையோ.

இங்கேதான் எனக்கு மனசு கனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சில காட்டுப் பறவைகள் சின்னத் தோப்பை எட்டியும் பார்க்காது. வுட் த்ரஷ் அப்படியில்லை, சின்னத் தோப்பிலும் வந்து தங்கி, கூடு கட்டி, மாலையில் அதே அழகோடு பாடும். கேட்கிறவர்கள் பறவை நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டிலிருந்து குஞ்சு எதுவும் வெளியே வராமல் கோடை முடிந்துபோகும். அடுத்த வருஷம் பெருங்காட்டில் பிறந்த இளம் பறவை ஒன்று இடம் தேடி வந்து அதே கிளையில் உட்கார்ந்து பாடும். ஆய்வாளர்கள் பெருங்காட்டை ஊற்று என்றும் இந்தத் தோப்பை வடிகால் என்றும் பிரிக்கிறார்கள். சாலையோரம் எண்ணுபவரின் அட்டையில் இரண்டும் ‘ஒன்று’ என்றுதான் பதிவாகும். பாடுகிற ஆணை எண்ணும் கணக்கெடுப்புக்கு இது தெரியாது. போக்கு கீழே இறங்கத் தொடங்கும்போது ஊற்றும் வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வேறு காரணங்களும் உண்டு. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமில மழை அதிகம் பெய்த பகுதிகளில் வுட் த்ரஷ் இனப்பெருக்கம் செய்வது குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். அமில மழை மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும், சுண்ணாம்பு இல்லாவிட்டால் சருகுக்கு அடியில் நத்தை இருக்காது, நத்தை இல்லாவிட்டால் முட்டை ஓட்டுக்குத் தேவையான சத்து தாய்க்குக் கிடைப்பது கஷ்டம். மான்கள் மிதமிஞ்சிப் பெருகிய காடுகளில் கூடு கட்ட வேண்டிய இளஞ்செடிகளையும் புதர்களையும் அவை மேய்ந்துவிடுகின்றன. வலசையின்போது இரவில் பறக்கும் பறவைகள் கண்ணாடிக் கட்டடங்களில் மோதிச் சாகின்றன.

கோடை வீடு இப்படியென்றால் குளிர்கால வீட்டின் நிலையும் அவ்வளவு நன்றாக இல்லை. மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் வுட் த்ரஷ்களுக்குச் சின்ன ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். காட்டுக்குள் தனக்கென்று ஒரு இடம் பிடித்துக்கொண்ட பறவை அங்கேயே அமைதியாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது, இடம் கிடைக்காதது அலைந்துகொண்டே இருக்கிறது, அலைகிறதுதான் அதிகம் சாகிறது. மத்திய அமெரிக்காவில் காடு சுருங்கச் சுருங்க அலைகிற பறவை கூடும்.

எந்தக் காட்டுப் பறவை எங்கே போகிறது என்பதே வெகுகாலம் தெரியாமல்தான் இருந்தது. 2007இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரிட்ஜெட் ஸ்டச்பரியும் அவர் குழுவும் பென்சில்வேனியாவில் 14 வுட் த்ரஷ்களின் முதுகில் ஜியோலொக்கேட்டர் என்ற சின்னக் கருவியைக் கட்டிவிட்டார்கள். அது வெளிச்சத்தை மட்டும்தான் பதியும். ஆனால் எப்போது விடிகிறது, எப்போது இருட்டுகிறது என்று தெரிந்தால் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அடுத்த கோடையில் ஐந்து பறவைகளிடமிருந்து கருவியைத் திரும்ப எடுத்தார்கள். அந்த ஐந்தும் ஹோண்டுராஸ், நிகராகுவா பக்கம் ஒரு குறுகிய பகுதியில் குளிர்காலத்தைக் கழித்திருந்தன. திரும்பும்போது பெரும்பாலானவை இரண்டே வாரத்தில் வீடு வந்திருந்தன. 50 கிராம் பறவை! பென்சில்வேனியாவின் ஒரு காட்டில் பாட்டு குறைந்தால் அதன் காரணம் நிகராகுவாவின் ஒரு மலைச்சரிவிலும் இருக்கலாம் என்பது அப்போதுதான் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் அளவுக்குத் தெளிவானது.

எல்லாக் காட்டுப் பறவையும் குறைகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே காடு, அதே கணக்கெடுப்பு, சிவப்புக் கண் விரியோ என்ற பறவையும் தென் அமெரிக்கா வரை வலசை போகிறது, அது மெல்லக் கூடியிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் 1969 முதல் வருஷா வருஷம் பறவைகளை எண்ணுகிறார்கள். தொடக்கத்தில் அங்கே மிக அதிகமாக இருந்த லீஸ்ட் ஃப்ளைகேட்சர் பிறகு முற்றிலும் இல்லாமல் போனது. காட்டை யாரும் வெட்டவில்லை, காடு முதிர்ந்தது, அந்தப் பறவைக்கு வேண்டிய இளங்காடு போய்விட்டது, அவ்வளவுதான். ஆக ஒரு இறங்கும் கோட்டைப் பார்த்ததும் குற்றவாளியைத் தேடி ஓடக் கூடாது, முதலில் அந்தப் பறவைக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஆனால் மொத்தமாகப் பார்த்தால் நிலைமை நன்றாக இல்லை. 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 529 வகைப் பறவைகளை எடுத்துக்கொண்டு, 1970இலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று கணக்கிட்டது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அதில் காட்டுப் பறவைகள் மட்டும் 100 கோடிக்கு மேல். சாலையோரக் கணக்கு மட்டுமில்லை, வானிலை ரேடாரும் அதையே சொன்னது. இரவில் வலசை போகும் பறவைக் கூட்டம் மழை மேகம்போல ரேடாரில் விழும், அந்தத் திரளும் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. கனடாவில் 2012இல் நிபுணர் குழு வுட் த்ரஷ்ஷை அச்சுறுத்தலுக்கு உள்ளான பறவை என்று மதிப்பிட்டது.

இதே மாதிரிக் கோடு இப்போது நம் பறவைகளுக்கும் வரையப்படுகிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இபேர்ட் தளத்தில் இந்தியப் பறவை ஆர்வலர்கள் இட்ட பட்டியல்களை வைத்துத்தான் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 2020இலும் 2023இலும் வந்தது. சிட்டுக்குருவி நாடு முழுக்க அழிந்துகொண்டிருக்கிறது என்றே பலரும் நம்பியிருந்தோம். 2020 அறிக்கை, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடளவில் அது ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. வுட் த்ரஷ் விஷயத்தில் நம் காது ‘இருக்கிறது’ என்று சொல்லி ஏமாற்றியது, சிட்டுக்குருவி விஷயத்தில் ‘போய்விட்டது’ என்று சொல்லி ஏமாற்றியது.

அதனால் பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறவர்களுக்கு, அல்லது கிழக்கு அமெரிக்காவில், கனடாவில் இருந்துகொண்டு மே மாதம் பக்கத்துக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு, ஒரு சின்ன வேண்டுகோள். பட்டியல் போடும்போது அபூர்வமானதை மட்டும் எழுதாதீர்கள், கேட்டது பார்த்தது எல்லாவற்றையும், எத்தனை என்ற எண்ணோடு எழுதிவிட்டு, ‘முழுப் பட்டியலா’ என்று தளம் கேட்கும் இடத்தில் ஆம் என்று போடுங்கள். அப்படிப் போட்டால், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு உங்களுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தமாகும். காகமும் மைனாவும் இருக்கும் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லாமல் இருப்பது கணக்கில் ஒரு பூஜ்யமாகப் போய்ச் சேரும். 1966இல் யாரோ ஒருவர் மூன்று நிமிடம் நின்று நான்கு என்று எழுதிய அதே சாலை வளைவில், இந்த ஜூனில் நிற்பவர் எழுதும் பூஜ்யமும் அப்படித்தான் சேர்கிறது.